சங்கத்துப் படம், ஒலி, ஏடு எல்லாவற்றுக்கும் ஒரே டிஜிட்டல் களஞ்சியம்: முழுமையான வழிகாட்டி

கோயில், தமிழ்ச் சங்கம், தமிழ்ப் பள்ளி, சின்ன அருங்காட்சியகம் என்று எதையாவது நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நிலைமை எங்கும் ஒன்றுதான்: காவடிப் படங்கள் பழைய செயலாளரின் லேப்டாப்பில், கூட்டக் குறிப்பேடுகள் பூட்டிய அலமாரியில், தேவார வகுப்பு கேசட்டுகள் யாரோ ஒரு ஆசிரியர் வீட்டில், போன வருடத்துத் தீமிதி முழுக்க ஒரு வாட்ஸ்அப் குழுவில். இதையெல்லாம் ஒரே இடத்தில் தேடி எடுக்கும்படி செய்வதுதான் வேலை.

புதிதாக இறங்குகிறவர்கள் முதல் வேலையாக ஸ்கேனர் வாங்குகிறார்கள், அடுத்து மென்பொருளை நிறுவுகிறார்கள், சில மாதங்களில் ஆயிரக்கணக்கான கோப்புகளோடும் ஒரு விவரமும் இல்லாமலும் நின்றுவிடுகிறார்கள். ஆர்வம் குறைந்துவிடுவதில்லை, வரிசைதான் தலைகீழ். கீழே மென்பொருள் எட்டாவதாக வருகிறது. வேண்டுமென்றே அங்கே வைத்திருக்கிறேன்.

## 1. தொடங்கும் முன்: தீர்மானம், ஆள், பணம்

நிர்வாகக் குழுவில் எழுத்தில் ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். களஞ்சியம் யாருடையது, யார் பொறுப்பு, அவர் இல்லாவிட்டால் யார், கடவுச்சொல் எங்கே இருக்கும் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது களஞ்சியமும் பழைய பொறுப்பாளரோடு வீட்டுக்குப் போய்விடுவதை நிறையப் பார்த்தாயிற்று. மின்னஞ்சல், கிளவுட் கணக்கு எல்லாம் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், ஒருவரின் சொந்தக் கணக்கில் வேண்டாம்.

பணத்தை ஐந்து வருடத்துக்குக் கணக்கிடுங்கள். ஸ்கேனர் ஒருமுறைச் செலவு. வட்டு மாற்றுவது, கிளவுட் வாடகை, சர்வர் வாடகை மூன்றும் வந்துகொண்டே இருக்கும். நன்கொடை கேட்கும்போது எல்லோரும் ஸ்கேனருக்குத்தான் கொடுப்பார்கள், பெயர்ப்பலகை ஒட்டலாமே! வாடகைக்குக் கொடுக்க ஆள் தேடுவதுதான் கஷ்டம், ஆகவே அதை முதலில் கேளுங்கள்.

## 2. எண்ணிப் பாருங்கள், ஸ்கேன் செய்யாதீர்கள்

ஒரு விரிதாளில் பெட்டிக்கு ஒரு வரி: எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, என்ன வகை, தோராயமாக எத்தனை, எந்தக் காலம், எந்த நிலையில். தனித்தனிப் படமாகப் பட்டியல் போடத் தொடங்கினால் முதல் பெட்டியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். முழு அளவும் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.

என் வரிசை இது. ஒலிநாடாவும் விஎச்எஸ் நாடாவும் முதலில், ஏனென்றால் நாடாவும் கெடுகிறது, அதை ஓட்டும் கருவியும் கிடைக்காமல் போகிறது. அப்புறம் புளிக்காடி வாடை அடிக்கும் நெகடிவ்கள். அந்த வாடை வந்தால் அசிடேட் படச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அது பக்கத்தில் இருக்கும் சுருளையும் கெடுக்கும், உடனே தனியாக எடுத்து வையுங்கள். காகிதம் காத்திருக்கும், பூஞ்சை பிடித்ததைத் தவிர. டர்பன் ஈரப்பதத்தில் பூஞ்சை சாதாரணம். அந்தப் பெட்டியை ஸ்கேனர் இருக்கும் அறைக்குள் கொண்டுவரவே கூடாது, கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் திறக்கவும் கூடாது.

இன்னொன்று, பெட்டிக்குள் இருக்கும் வரிசையைக் கலைக்காதீர்கள். உதவிக்கு வரும் பிள்ளைகள் ஆர்வத்தில் கல்யாணப் படம் ஒரு குவியல், திருவிழாப் படம் ஒரு குவியல் என்று பிரித்து வைத்துவிடுவார்கள். யார் கொடுத்த பெட்டி, எதற்கு அடுத்து எது இருந்தது என்பதை வைத்துத்தான் பெயர் எழுதாத பாதிப் படங்களை அடையாளம் காண முடியும்.

பிறர் ஏற்கெனவே செய்ததை மறுபடி செய்யவும் வேண்டாம். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையம், நகரத்தில் இருக்கும் 1860 ஹெரிடேஜ் சென்டர் இரண்டிலும் உங்கள் கோயிலைப் பற்றி என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

## 3. உரிமையும் அனுமதியும்

இதைப் பெட்டி கைமாறும் நாளிலேயே முடிக்க வேண்டும். கொடுத்தவர் எதிரே நிற்கிறார், பேனா கையில் இருக்கிறது. பத்து வருடம் கழித்து அவருடைய பேரனை ஆஸ்திரேலியாவில் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒரு பக்கப் படிவம் போதும்: பொருளை நிரந்தரமாகத் தருகிறாரா, படியெடுக்க மட்டுமா, பொதுவில் காட்டலாமா, பெயர் போடலாமா.

படம் கையில் இருப்பதால் பதிப்புரிமையும் நம்முடையது என்று நினைக்கிறவர்கள் அதிகம். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கு 50 ஆண்டு. படம் வெளியாகியிருந்தால் வெளியான ஆண்டின் முடிவிலிருந்து கணக்கு, வெளியாகவே இல்லை என்றால் எடுத்த ஆண்டின் முடிவிலிருந்து. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரைக்கும், உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. ஆகவே ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படத்துக்குப் பெரும்பாலும் குடும்பத்தைக் கேட்டால் போதும்.

அடுத்தது போப்பியா, அதாவது 2013ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம். 2021 ஜூலை 1 முதல் அதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். மத நம்பிக்கை அதில் சிறப்புத் தகவல் வகையில் வருகிறது, சிறுவர்கள் தகவலுக்குத் தனி விதி உண்டு. அலகு குத்திய ஒருவரின் முகத்தைப் பெயரோடு பொதுவில் போடுவது முதலாவதைத் தொடக்கூடும், சிறுவர் என்றால் இரண்டையும். என் பழக்கம்: உயிரோடு இருப்பவர் என்றால் பெயர் உள்ளே பதிவாகும், கேட்காமல் வெளியே தெரியாது. பிள்ளைகள் படத்துக்குப் பெற்றோர் கையெழுத்து. சிக்கலான ஒன்று வந்தால் உறுப்பினர்களில் ஒரு வக்கீல் இல்லாமலா போய்விடுவார், அவரைப் பிடியுங்கள்.

## 4. ஒரு பொருளுக்கு ஒரே எண்

மொத்த வேலையிலும் இதுதான் முதுகெலும்பு. நான்கு இடத்தில் நான்கு விதமாகக் கிடப்பதை ஒன்றாகக் கட்டுவது இந்த எண் மட்டும்தான், மென்பொருள் வரும், போகும்.

சங்கத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து, அப்புறம் ஆறு இலக்க எண். அவ்வளவுதான். ஆண்டு, விழா, ஊர் எதையும் எண்ணுக்குள் திணிக்காதீர்கள். 1958 என்று நினைத்த படம் 1963 என்று பிறகு தெரிந்தால் எண்ணையும் மாற்ற வேண்டி வரும், மாற்றினால் அதைச் சுட்டும் எல்லாமே அறுந்துவிடும். எழுத்துகளை ஆங்கிலத்தில் வையுங்கள், கோப்புப் பெயரில் இடைவெளியும் தமிழும் வேண்டாம். சில பழைய கருவிகளும் ஜிப் கோப்புகளும் தமிழ்ப் பெயரைச் சிதைத்துவிடுகின்றன. தமிழ்ப் பெயருக்கு உரிய இடம் விவரப் பட்டியல்.

படத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் ஒரே எண்தான், கடைசியில் 01, 02 என்று மட்டும் சேருங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்கிறீர்கள்தானே? ஸ்டுடியோ முத்திரையும் பாட்டியின் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். மூலப் பொருளின் மேலும் அதே எண்ணை மென்மையான பென்சிலில் எழுதுங்கள், பேனாவும் ஒட்டுத்தாளும் கூடாது.

## 5. விவரப் பட்டியல்: குறைவாகத் தொடங்குங்கள்

டப்ளின் கோர் என்ற உலகத் தரத்தில் 15 புலங்கள், அதாவது விவரம் நிரப்பும் கட்டங்கள், இருக்கின்றன. அதை அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு எந்த மென்பொருளுக்குப் போனாலும் பொருந்தும். கட்டாயப் புலங்கள் எட்டு ஒன்பதுக்கு மேல் போகக் கூடாது: எண், தலைப்பு, காலம், இடம், படத்தில் இருப்பவர்கள், கொடுத்தவர், உரிமை நிலை, மூலப் பொருள் இருக்கும் அலமாரி. நாற்பது புலம் வைத்த ஒரு குழுவைத் தெரியும். தன்னார்வலர்கள் ஒரு படத்துக்கு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த வாரம் வரவே இல்லை.

காலத்தை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதுங்கள், 1964-04-03 என்று. நாள் தெரியாவிட்டால் 1964-04, மாதமும் தெரியாவிட்டால் 1964, தோராயம் என்றால் 1964~. இந்த அலைக்குறி 2019இல் வந்த ஐஎஸ்ஓ தரத்திலேயே இருக்கிறது. தெரியாத நாளுக்கு ஜனவரி 1 என்று போட்டு நிரப்புகிறவர்களால் ஊரிலுள்ள பாதிப் படங்கள் புத்தாண்டன்று எடுத்ததாகிவிடுகின்றன.

விவரம் யார் சொன்னது, எப்போது சொன்னார் என்று ஒரு புலம் கட்டாயம் சேருங்கள். இரண்டு பெரியவர்கள் ஒரே முகத்துக்கு இரண்டு பெயர் சொல்வார்கள். இரண்டையும் எழுதி வையுங்கள், தீர்ப்பு சொல்வது உங்கள் வேலை இல்லை.

## 6. பெயரும் ஊரும்: இங்கேதான் நிறைய நேரம் போகும்

நம் ஊரில் ஒரே பெயர் எத்தனை வடிவத்தில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார், முனுசாமிக்கு ஆங்கில எழுத்தில் நாலைந்து வடிவம். தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராகிவிட்ட வீடுகளும் ஏராளம், ஆகவே பெருமாள் என்று தேடினால் ஆளும் வருவார், சம்பந்தமே இல்லாத நூறு குடும்பங்களும் வரும்.

தீர்வு ஒரு பெயர்ப் பட்டியல். ஆளுக்கு ஒரு வரி, ஆளுக்கு ஓர் எண், ஏற்றுக்கொண்ட வடிவம் ஒன்று, மாற்று வடிவங்கள் எல்லாம் பக்கத்தில். படத்தின் விவரத்தில் ஆளின் எண்ணைச் சுட்டுங்கள், பெயரை மறுபடி மறுபடி தட்டச்சு செய்யாதீர்கள். ஆவணத்தில் எழுதியிருப்பது எப்படியோ அப்படியே வேறொரு புலத்தில் இருக்கட்டும், அதைத் திருத்தவே கூடாது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு, கப்பல் பட்டியலில் தந்தை பெயர், வயது, கிராமத்தோடு அது இருக்கும். ஒரு குடும்பம் அந்த எண்ணைச் சொன்னால் தங்கம் கிடைத்த மாதிரி, தனிப் புலத்தில் போட்டு வையுங்கள்.

ஊர்களுக்கும் இதே முறைதான். கிரே தெரு இன்று டாக்டர் யூசுஃப் தாதூ தெரு, ஸ்டேங்கர் இன்று குவாடுகுசா. பெரியவர்கள் பழைய பெயரில் தேடுவார்கள், பிள்ளைகள் புதுப் பெயரில். மேகசின் பேரக்ஸ் மாதிரி இடமே இல்லாமல் போனதும் உண்டு. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்துக்குப் பிறகு அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அந்தப் படத்தைச் ‘சாட்ஸ்வொர்த் குடும்பம்’ என்று பதிவு செய்தால் எடுத்த இடம் தொலைந்துவிடும். எடுத்த இடம் வேறு, குடும்பம் இப்போது இருக்கும் இடம் வேறு.

விழாவுக்கும் ஒரு சின்னச் சொற்பட்டியல் போடுங்கள்: காவடி, தீமிதி, கூழ் ஊற்றுதல், கரகம், தெருக்கூத்து. இங்கே ஆங்கிலத்தில் கூழ் ஊற்றுவதைப் பாரிட்ஜ் பிரேயர் என்றும் தெருக்கூத்தைச் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்றும் சொல்வதால் அவற்றையும் மாற்றுச் சொல்லாகச் சேர்க்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசாத பேரப்பிள்ளை அப்படித்தான் தேடும்.

தமிழ் எழுத்தில் மூன்று பொறி இருக்கிறது. பழைய கோப்புகள் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் தேடலில் எதுவும் சிக்காது. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு வேறுவேறு. ஏற்றும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ‘ஔவை’ என்பதை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடித்திருப்பார்கள், அதை மட்டும் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். அப்புறம், பட்டியலை வெறும் எழுத்தாக வைக்கும் சிஎஸ்வி கோப்பை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்து சேமிக்காதீர்கள், தமிழ் முழுக்கக் குப்பையாகலாம். லிப்ரே ஆபிஸ் திறக்கும்போதே குறியீட்டு முறையைக் கேட்கும், அங்கே யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள்.

## 7. இப்போது ஸ்கேன்

ஒரே தடவையில் நன்றாகச் செய்யுங்கள், இரண்டாம் முறை யாரும் வர மாட்டார்கள். காகிதத்துக்கு அங்குலத்துக்கு 400 புள்ளி, அச்சுப் படத்துக்கு 600, 35 மிமீ நெகடிவுக்கு 4000. மூலப் படி சுருக்காத டிஃப் (TIFF) கோப்பு, பார்வைக்கு அதிலிருந்து எடுத்த சின்ன ஜேபெக் (JPEG) கோப்பு. மூலப் படியை யாரும் திருத்தக் கூடாது. கீறலை அழிப்பது, நிறம் கூட்டுவது எல்லாம் இன்னொரு படியில்தான். ஒலிக்கு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு.

வட்டு வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். 6×4 அங்குல வண்ணப் படம் 600 புள்ளியில் சுமார் 26 எம்பி, ஏ4 பக்கம் 400இல் சுமார் 46 எம்பி, ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலி சுமார் 2 ஜிபி. ஆக 5000 படம் வெறும் 130 ஜிபிதான். நூறு கேசட்டுகளின் ஒலி அதைவிட அதிக இடம் பிடிக்கும், இதைக் கேட்டு ஆச்சரியப்படாத பொருளாளரை நான் பார்த்ததில்லை.

வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கி வந்திருக்கும், எடுத்த நேரமும் கேமரா விவரமும் அதில் இருக்காது. முடிந்தால் எடுத்தவரின் போனிலிருந்து நேரடியாக வாங்குங்கள். அடுத்த விழாவுக்கு முன்பே ஒரு பகிர்வு அடைவை உருவாக்கி இணைப்பைக் குழுவில் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

## 8. மென்பொருள், கடைசியாக

பட்டியலும் எண்ணும் தயாராக இருந்தால் இந்த முடிவு சுலபம். விழாப் படமும் வீடியோவும் அதிகம், அதை அடிக்கடி எடுத்து அழைப்பிதழுக்குப் பயன்படுத்துவீர்கள் என்றால் ரிசோர்ஸ்ஸ்பேஸ். வாகனம், நகை, வாத்தியம் போன்ற பொருளும் ஆளும் நிகழ்வும் பின்னிக் கிடந்தால் கலெக்டிவ்ஆக்சஸ். குறிப்பேடு, கடிதம் என்று காகித ஆவணமே பெரும்பகுதி என்றால் ஆட்டம் (AtoM). பொதுமக்களுக்குக் காட்சி வைப்பதுதான் நோக்கம் என்றால் ஒமேக்கா எஸ் (Omeka S). நான்கும் திறந்த மூலம், உரிமக் கட்டணம் இல்லை, ஆனால் நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். ஒரே அமைப்பு என்றால் ஒரே மென்பொருள் என்று பொருள் இல்லை. எண்ணும் பெயர்ப் பட்டியலும் ஒன்றாக இருந்தால் உள்ளே ஒன்று, வெளியே காட்ட ஒன்று என்று இரண்டு வைக்கலாம்.

தேர்ந்தெடுக்கும் முன் நூறு உருப்படிகளை ஏற்றிப் பாருங்கள். கோயில் என்று தேடினால் ‘கோயிலில்’ வருகிறதா, ‘கோவில்’ வருகிறதா? மூட்லி என்று தேடினால் முதலியார் வருகிறாரா? மிக முக்கியமாக, ஏற்றிய நூறையும் எல்லாப் புலத்தோடும் திரும்ப வெளியே எடுக்க முடிகிறதா? அது முடியாத மென்பொருளை, இலவசமாகக் கொடுத்தாலும், தொடாதீர்கள்.

## 9. சேமிப்பு: மின்வெட்டும் வெள்ளமும்

மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். இந்த விதியில் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு-நேட்டால் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும், கோயில் அலுவலகத்தில் ஒரு வட்டு, எதிர்த் தெருவில் தலைவர் வீட்டில் இன்னொரு வட்டு என்று வைப்பது என்ன கணக்கு? ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் தெரிந்த சங்கம் இருந்தால் வட்டு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது கிளவுட். ரெய்டு போட்ட பெட்டி, அதாவது பல வட்டுகளை ஒன்றாக இணைத்த பெட்டி, பேக்கப் ஆகாது, ஒரு கோப்பைத் தவறி அழித்தால் அதிலுள்ள எல்லா வட்டிலும் அழியும்.

லோட் ஷெட்டிங் என்ற திட்டமிட்ட மின்வெட்டு எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் வட்டே சிதையலாம், ஆகவே சர்வருக்கும் சேமிப்புப் பெட்டிக்கும் யூபிஎஸ் கட்டாயம். மின்சாரம் திரும்பும்போது வரும் எகிறலுக்குப் பாதுகாப்புப் பலகையும் வேண்டும்.

ஏற்றும்போதே ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், எடுத்து வையுங்கள், ஷா-256 போதும். ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஒரே செக்சம் உள்ளவை ஒரே கோப்பு என்பதால் இரட்டைப் படிகளையும் இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

## 10. ஏற்றுவது, திறந்துவிடுவது

முதலில் ஐம்பது வரி. பிழையைத் திருத்தி, அதே ஐம்பதை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள், அப்புறம் ஐந்நூறு, அப்புறம் மீதி. பழைய அடைவுகளைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். திறந்தே வைத்தால் யாராவது பழக்கத்தில் அங்கேயே புதுப் படத்தைப் போடுவார்கள், ஒரு மாதத்தில் இரண்டு களஞ்சியம் ஆகிவிடும்.

முகம் அடையாளம் காணும் வேலைக்குப் பெரியவர்களைத் திரை முன்னால் உட்கார வைக்காதீர்கள். ஏ3 தாளில் பெரிதாக அச்சிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து சாப்பாட்டு நேரத்தில் மேசையில் விரித்துவிடுங்கள். தலைக்கு மேல் எண் போட்டு, பக்கத்தில் பென்சில். தாத்தாக்களும் பாட்டிகளும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே சொல்லும் பெயர்களை ஒருவர் எழுதினால் போதும், போனில் ஒலிப்பதிவும் செய்தால் இன்னும் நல்லது, அனுமதி கேட்டுவிட்டு.

அனுமதி நிலை மூன்று போதும்: எல்லோரும் பார்க்கலாம், உறுப்பினர் பார்க்கலாம், பொறுப்பாளர் மட்டும். ஏற்றியது எல்லாம் முதலில் மூன்றாம் நிலையில் இருக்கட்டும், உரிமைப் புலம் நிரம்பிய பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கலாம். குடும்பத்தார் யாராவது எடுக்கச் சொன்னால் அன்றே மறைத்துவிட்டு, பிறகு பேசுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, பொதுக்குழுவுக்கு முந்தைய மாதம், எல்லா செக்சத்தையும் மறுபடி ஓட்டுங்கள். அதோடு வெளியூர்ப் படியிலிருந்து இருபது கோப்புகளை ஒரு வெறும் கணினியில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். அதைப் பொறுப்பாளர் செய்யக் கூடாது, துணைப் பொறுப்பாளர் எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். அவர் எந்த வரியில் தடுமாறுகிறாரோ அந்த வரியை அன்றைக்கே திருத்தி எழுதுங்கள்.